எச்சிங் தொட்டியைக் கொட்டாதீங்க சார்!

எடுத்த எடுப்பிலேயே சொல்லிடறேன். எவர்சில்வர் தகட்டை ஃபெர்ரிக் குளோரைடில் அரித்து நேம் போர்டு செய்கிற ஆசாமிகள் (அடியேனும் அதில் ஒருத்தன், ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி கேஸ்) கரைசலைக் கொட்டுவது பெரும்பாலும் அது செத்துப் போனதால் இல்லை. ஏன் வேலை செய்யலைன்னு நின்று பார்க்கப் பொறுமை இல்லாததால்தான். இன்னொரு கோஷ்டி இருக்கு. நிஜமாவே செத்துப் போன கரைசலை ஆசிட் ஊத்தி, சுடவைத்து, வேலை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் ரெண்டு பேருமே ஒரே இடத்தில்தான் கொட்டுகிறார்கள். பின்பக்கத்து சாக்கடையில். அது மயிலாப்பூர் என்றால் பக்கிங்காம் கால்வாய், தி.நகர் என்றால் மாம்பலம் கால்வாய் வழியா அடையாறு. மழைநீர் வடிகாலாக இல்லாமல் கழிவுநீர்க் குழாயாக இருந்தால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் அங்கே கழிவைத் தின்கிற பாக்டீரியாவுக்கு வயிற்றுவலி.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். கல்யாணச் சீருக்கு வாங்குகிற அண்டா, குண்டான், தாம்பாளத்தில் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து கர்ர்ர்னு ஒரு மெஷினை வைத்து "அன்பளிப்பு, பெரிய மாமா" என்று போடுவார்களே, அது பேர் வெட்டுறது. ஊசி அதிர்ந்து அதிர்ந்து கோடு போடும். ரசாயனம் கிடையாது. நான் சொல்வது வீட்டு வாசலிலும் டாக்டர் க்ளினிக்கிலும் தொங்குகிற போர்டு. எழுத்து பள்ளமாக இருக்கும், அதில் கறுப்போ சிவப்போ எனாமல் பெயின்ட் அடைத்திருக்கும். அந்தப் பள்ளத்தைத் தோண்டுவது ரசாயனம். இப்போது ஃபைபர் லேசர் வந்து இதில் பாதி வேலையைத் தின்றுவிட்டது. மேலாகக் கறுப்பாகக் குறி போட லேசர்தான் ராஜா. ஆனா நகத்தால் தடவினால் தெரிகிற ஆழம் வேணும்னா லேசரில் நேரம் ஆகும், காசும் ஆகும். தொட்டிக்கு வேலை இன்னும் இருக்கு.

எவர்சில்வரை அரிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கு நல்ல கதை ஒன்று உண்டு. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேய்ந்து போகாமல் இருக்க என்ன உலோகம் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். குரோமியம் கலந்த எஃகு ஒன்றை வார்த்து, அதன் உள்ளமைப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வழக்கம்போல நைட்ரிக் ஆசிட் கலவை தடவினார். அரிக்கலை. வினிகர், எலுமிச்சைச் சாறு, அதுக்கும் மசியலை. அதாவது, எச்சிங் ஆகமாட்டேன் என்று அடம் பிடித்ததால்தான் அந்த உலோகம் கவனத்துக்கே வந்தது. அதைப் போய் நாம எச்சிங் பண்ணுறோம். கொஞ்சம் மரியாதையாக நடந்துக்க வேண்டாமா?

அந்த அடத்துக்குக் காரணம் மேலே இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். மெல்லிசுன்னா அப்படி ஒரு மெல்லிசு, சில நானோமீட்டர்தான். கீறினால் காற்று பட்டதும் தானே மூடிக்கொள்ளும். இதை உடைக்கக் குளோரைடு வேண்டும், உள்ளே இருக்கும் இரும்பைக் கரைக்க ஃபெர்ரிக் அயனி வேண்டும். ரெண்டும் ஒரே பொட்டலத்தில் கிடைப்பதுதான் ஃபெர்ரிக் குளோரைடு. ரிச்சி தெருவில் பிசிபி போர்டு அரிக்க விற்கிறார்களே, அதே சாமான்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிற விஷயம். அரிப்பது ஆசிட் இல்லை. ஃபெர்ரிக்தான் அரிக்கிறது. ஒரு இரும்பு அணுவைக் கரைக்க ரெண்டு ஃபெர்ரிக் செலவாகி, மூணு ஃபெர்ரஸ் ஆகிறது. குரோமியம் அணுவுக்கு மூணு ஃபெர்ரிக், நிக்கலுக்கு ரெண்டு. ஃபெர்ரஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை, தொட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புதுசாக இருக்கும்போது டிகாஷன் மாதிரி செங்காவி நிறத்தில் இருப்பது, போகப்போக கரும்பச்சைக்கு மாறுவது இதனால்தான். "வேகம் குறைஞ்சிடுச்சு, கொஞ்சம் ஆசிட் விடு" என்று பாத்ரூம் ஆசிட்டைச் சரிக்கிறார்களே, அது பசி எடுத்தவனுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கிற கதை. ஆசிட்டுக்கு வேறு வேலை இருக்கு, பின்னாடி சொல்றேன்.

சரி, தொட்டி உயிரோடு இருக்கா இல்லையான்னு எப்படிப் பார்ப்பது? புத்தகங்கள் ஹைட்ரோமீட்டர் வைத்து போமே டிகிரி பார் என்கின்றன. கடையில் விற்கிற கரைசல் வழக்கமாக 42 போமே, அதாவது ஒப்படர்த்தி சுமார் 1.41. நல்ல யோசனைதான், ஆனா ரெண்டு சிக்கல். கார் பேட்டரி கடையில் கிடைக்கிற ஹைட்ரோமீட்டர் 1.3-ஓடு முடிந்துவிடும், நம்ம கரைசலில் போட்டால் தக்கையாட்டம் மேலே மிதக்கும். பால் பார்க்கிற லாக்டோமீட்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரெண்டாவது சிக்கல்தான் பெரிசு. அடர்த்தி பொய் சொல்லும். உலோகம் கரையக் கரையக் கரைசல் கனமாகும். வேலை செய்கிற ஃபெர்ரிக் குறைந்துகொண்டே வரும்போது ஹைட்ரோமீட்டர் "சூப்பரா இருக்கேன்" என்று மேலே மேலே காட்டும். இதை நம்பித் தண்ணீர் விட்டு "சரி" பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். மகா பாவம்.

என் வழி இது. 100 மில்லி அளவுக் குடுவை ஒன்று, சமையலறைத் தராசு ஒன்று. 100 மில்லி எடுத்து எடை போடுங்க. புதுக் கரைசல் 141 கிராம் வாக்கில் இருக்கணும். அடுத்து, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் குட்டித் தராசு. 304 கிரேடு தகட்டில் ஒரே அளவில் துண்டுகள் நறுக்கி வைத்துக்கொள்ளுங்க. நான் இதைச் சாட்சித் துண்டு என்று சொல்வேன். ஒன்றை எடை போட்டு, அன்றைய வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, தொட்டியில் சரியாகப் பத்து நிமிஷம் தொங்கவிட்டு, கழுவித் துடைத்து மறுபடி எடை. எவ்வளவு குறைந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்க. மளிகைக் கணக்கு நோட்டு போதும்.

ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொட்டி பேசும். கரைசல் கனத்திருக்கு, துண்டும் முன்னை மாதிரியே கரைகிறது என்றால் தண்ணீர் ஆவியாகியிருக்கு, கொஞ்சம் விடலாம். கரைசல் லேசாகியிருக்கு, துண்டும் மெதுவாகக் கரைகிறது என்றால் கழுவுகிற தண்ணீரைத் தகட்டோடு உள்ளே கொண்டுவந்து நீர்க்கவைத்திருக்கீங்க. கரைசல் கனத்திருக்கு, ஆனா துண்டு கரைய மாட்டேங்குது என்றால் அதுதான் நிஜமான கிழட்டுத் தொட்டி. இந்த மூணாவது கேஸ் மட்டும்தான் மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டியது. மத்த ரெண்டும் அஞ்சு நிமிஷ வேலை.

கணக்கு போட்டால் ஒரு லிட்டர் 42 போமே கரைசலில் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஃபெர்ரிக் குளோரைடு இருக்கு. காகிதக் கணக்குப்படி அது தொண்ணூறு கிராம் சொச்சம் இரும்பைக் கரைக்கணும். நடைமுறையில் நாற்பது கிராமைத் தாண்டும்போதே நொண்ட ஆரம்பித்துவிடும். நாற்பது கிராம் எவர்சில்வர் என்பது அஞ்சு கன சென்டிமீட்டர். 0.2 மில்லிமீட்டர் ஆழம் தோண்டினால் 250 சதுர சென்டிமீட்டர் பரப்பு. ஒரு அடிக்கு அரை அடி போர்டில் எழுத்து கால்வாசி இடத்தைப் பிடிக்கும் என்று வைத்தால் லிட்டருக்கு ரெண்டு போர்டு, கொஞ்சம் கூட. அவ்வளவுதான்! "ஒரு தொட்டி ஒரு வருஷம் ஓடும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு காபி வாங்கிக் கொடுங்கள்.

இப்போ கோளாறுகளுக்கு வருவோம்.

தகடு அரிக்க ஆரம்பிக்கவே மாட்டேங்குது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தொட்டியை அல்ல, தகட்டை. விரல் எண்ணெய், பாலிஷ் மெழுகு, ஸ்டிக்கர் பசை, இதில் ஏதாவது ஒன்று. சபீனா போட்டுத் தேய்த்துத் தண்ணீர் விட்டுப் பாருங்க. தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கு. ஒரே போர்வையாக வழிந்தால் சுத்தம். அதுக்கு அப்புறமும் வம்பு என்றால் கிரேடைப் பாருங்க. 316-இல் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருப்பதால் குளோரைடுக்கே அது கொஞ்சம் திமிர் காட்டும். மலிவான பாத்திரத் தகடுகள் பல 200 வரிசை, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று கிளம்பாதீங்க. 430 ஒட்டும், சரி. ஆனா 202-ம் ஒட்டாது, 304-ம் ஒட்டாது.

அடியில் காவி நிறச் சேறு தங்குகிறதா? அங்கேதான் ஆசிட்டுக்கு வேலை. ஃபெர்ரிக் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகிக் கீழே உட்காரும். கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருந்தால் அது நடக்காது. கொஞ்சம் என்றால் கொஞ்சம், நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. ஜாஸ்தியானால் புகையும், மூக்கு எரியும், தகட்டில் ஒட்டிய வினைல் ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஆசிட் பிடிக்காதவர்களுக்கு ஓவியர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1990-களில் எடின்பரோவில் ஃப்ரீட்ஹார்ட் கீகபென் என்ற அச்சுக்கலைஞர் ஃபெர்ரிக் குளோரைடில் சிட்ரிக் ஆசிட் சேர்த்துப் பார்த்தார். சேறு தகட்டில் தங்காமல் கரைந்து போகிறது. எடின்பரோ எச் என்று உலகம் முழுக்க பிரபலம். நைட்ரிக் ஆசிட்டின் காவிப் புகையைச் சுவாசித்துக்கொண்டே துத்தநாகத் தகட்டை அரிப்பது அச்சுக்கலையில் ரொம்ப காலமாக நடந்து வந்த பழக்கம். நம்ம ஊரிலும் எழும்பூர் கவின்கலைக் கல்லூரி (1850-இல் தொடங்கியது), கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி என்று அச்சுக்கலைக்கு இடங்கள் உண்டு. நேம் போர்டுக்காரரும் அச்சுக்கலைஞரும் ஒரே தொழில்நுட்பத்தின் ரெண்டு பிள்ளைகள். ஆனா ரெண்டு பேரும் ஒரு டீ கூட சேர்ந்து குடிச்சதில்லைன்னு தோணுது.

பிசிபி அரித்த கரைசலை எவர்சில்வருக்குப் போடாதீங்க. அதில் செம்பு கரைந்திருக்கும், ஃபெர்ரிக் குறையும்போது அது தகட்டின் மேல் சிவப்புப் படலமாக உட்கார்ந்துகொள்ளும். ரெண்டுக்கும் ரெண்டு டப்பா, மேலே மார்க்கரில் பெயர். தயிரையும் மோரையும் நம்ம வீட்டில் ஒரே பாத்திரத்திலா வைக்கிறோம்?

பள்ளம் மேடும் கீழுமாக, அம்மைத் தழும்பு மாதிரி வருகிறதா? தகட்டை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பீங்க. கரைந்த உலோகம் கனமாகிப் பள்ளத்திலேயே தேங்கிவிடும், புதுக் கரைசல் உள்ளே போகாது. செங்குத்தாகத் தொங்கவிடுங்க, இல்லை குப்புறப் போட்டு நாலு மூலையில் முட்டு கொடுங்க. கனமான கரைசல் தானாகக் கீழே இறங்கும். மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று பம்பு ஒன்று அடியில் ஓடினால் இன்னும் நல்லது.

தமிழில் போர்டு செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் தலைவலி உண்டு. ஆங்கிலத்துக்கு எழுதிய கையேடுகளில் இது இருக்காது. ண, ன எழுத்துகளின் சுழிக்குள்ளே மாட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் ஒரு குட்டித் தீவு. கரைசல் கீழே தோண்டும்போது பக்கவாட்டிலும் தோண்டும், ஏறக்குறைய ஆழம் எவ்வளவோ அவ்வளவு. தீவு சின்னதாக இருந்தால் நாலு பக்கமும் அரிபட்டுக் கழன்று மிதக்கும். சுழி போய், பொட்டு வைத்த மாதிரி ஆகிவிடும். புள்ளிக்கு இதன் நேர் எதிர் பிரச்சினை. அது சின்ன ஓட்டை, உள்ளே கரைசல் சுற்றாது, ஆழம் குறைவாக வரும், பெயின்ட் நிற்காது. ரெண்டு வருஷத்தில் "கிருஷ்ணன்" என்பவர் புள்ளியெல்லாம் உதிர்ந்து "கிருஷணன" ஆகிவிடுவார். அதனால் எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போதே சுழி பெரிசாக, புள்ளி தடித்து இருப்பதாகப் பாருங்க. கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிகிற ஒல்லி எழுத்து தொட்டிக்கு ஆகாது.

வெப்பம். தொழிற்சாலைகளில் 40, 50 டிகிரி செல்சியஸ் வைத்துக்கொள்வார்கள். நமக்குச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியிலேயே அது ஓசியில் கிடைக்கும். மார்கழிக் காலையில் அதே தொட்டி தூங்கி வழியும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்று ரசாயனத்தில் ஒரு குத்துமதிப்பு விதி உண்டு, தொட்டியில் அவ்வளவு சுத்தமாக வராது என்றாலும் திசை அதுதான். சுடவைக்கணும் என்றால் பிளாஸ்டிக் டப்பாவை வெந்நீர் இருக்கிற பெரிய பக்கெட்டுக்குள் வையுங்க. குளிக்கத் தண்ணி சுடவைக்கிற ராடை நேரா உள்ளே விட்டு விபரீதம் பண்ணாதீங்க, ராடே கரையும், மின்சாரம் வேற. அலுமினியத் தட்டு கூடவே கூடாது, அது பொங்கிக் கொதித்து ஓட்டையாகிவிடும். புதுசாகக் கலக்கும்போது தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும், தூளில் தண்ணீரை ஊத்தக் கூடாது. கடுமையாகச் சூடாகும். கண்ணாடி, கையுறை இதெல்லாம் சொல்லணுமா என்ன.

வேலை முடிந்ததும் பாதிப் பேர் பைப்புத் தண்ணியில் காட்டிவிட்டுப் பெயின்ட் அடைத்துவிடுகிறார்கள். பள்ளத்தின் மூலையில் குளோரைடு உட்கார்ந்திருக்கும். நம்ம போர் தண்ணியில் உப்பு வேறு. சமையல் சோடா கரைத்த தண்ணியில் கழுவி, நல்ல தண்ணியில் அலசி, பிறகு சுமார் 10 சதவீத சிட்ரிக் ஆசிட் கரைசலில் அரை மணி ஊறவைத்து, மறுபடி அலசிக் காயவையுங்க. உடைந்த குரோமியப் படலம் ஒழுங்காகத் திரும்ப வளரும். இல்லைன்னா பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் கடல்காற்றில் மாட்டிய போர்டு ஒரே வருஷத்தில் ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் காவி நிறத்தில் அழும். பார்த்திருப்பீங்களே.

இவ்வளவும் செய்தாலும் ஒருநாள் தொட்டி கிழடாகத்தான் போகும். புதுப்பிக்க முடியும். ஹைட்ரஜன் பெராக்சைடும் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் சேர்ந்தால் ஃபெர்ரஸ் மறுபடி ஃபெர்ரிக் ஆகும். பச்சை போய்ச் செங்காவி திரும்பும், பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கிற 6 சதவீத பெராக்சைடு போதும். தொழிற்சாலைக்குரிய 30 சதவீதம் வீட்டில் வேண்டவே வேண்டாம். திறந்தவெளியில், சொட்டுச் சொட்டாக. அவசரப்பட்டு மொத்தமாக ஊத்தினால் கொதிக்கும், குளோரின் வரும். நிறம் திரும்பினதும் நிறுத்திடணும். இதில் ஒரு வில்லங்கம் என்னன்னா பெராக்சைடோடு கூடவே நிறையத் தண்ணியும் வருவதால் கரைசல் நீர்த்துவிடும், புதுத் தூள் சேர்க்கணும். கரைந்த குரோமியமும் நிக்கலும் எங்கேயும் போகாது, சேர்ந்துகொண்டேதான் இருக்கும். வீட்டு அளவில் ஒரு தடவை, மிஞ்சிப் போனால் ரெண்டு தடவை. அதுக்கு மேல் புதுப்பிப்பது வறட்டுக் கஞ்சத்தனம் என்பது என் கட்சி.

அப்போ கடைசியில் அது எங்கே போகும்? இதுக்குத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

நம்ம பக்கத்து போர்டுக் கடைக்காரர் ஒருத்தரிடம் கேட்டேன். பெயர் வேண்டாம், நல்ல மனுஷர்.

"தீர்ந்த கரைசலை என்னண்ணே பண்றீங்க?"

"என்ன சார் பண்றது, ராத்திரி தண்ணி ஊத்தி ஊத்தி விட்டுடுவோம். ஒரு பக்கெட்தானே சார்."

ஒரு பக்கெட்தானே! வேண்டாம், ஒரே ஒரு லிட்டரை எடுத்துக்கலாம். நாற்பது கிராம் 304 கரைந்த கரைசல். அதில் 18 சதவீதம் குரோமியம், அதாவது 7 கிராமுக்கு மேலே. 8 சதவீதம் நிக்கல், 3.2 கிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 நிக்கலுக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.02 மில்லிகிராம். வகுத்துப் பாருங்க. அந்த ஒரு லிட்டர், 1,60,000 லிட்டர் தண்ணீரை எல்லைக்கோடு வரை கொண்டுபோய் நிறுத்தும். 9,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில் கிட்டத்தட்ட பதினெட்டு லாரி. 2019 கோடையில் ஒரு லாரிக்குத் தெருவே காத்துக் கிடந்தோமே, அந்த ஊரில்தான் சார் இருக்கோம். தண்ணி ஊத்தி விட்டால் நிக்கல் நீர்க்கும், அழியாது. அது உலோகம். மக்கிப் போக வாழைப்பழத் தோலா?

ஒரு நல்ல செய்தி, ஃபெர்ரிக் குளோரைடில் கரையும் குரோமியம் மூவிணைதிறன் நிலையில்தான் இருக்கும், அறுவிணைதிறன் எனும் புற்றுநோய் வில்லன் அல்ல. ஆனா நாற்றம் போகட்டும், நிறம் போகட்டும் என்று சிலர் ப்ளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுகிறார்கள். அமிலக் கரைசலில் போட்டால் அந்த நிமிஷமே குளோரின் வாயு. காரமான கரைசலில் போட்டால் சாதுவான குரோமியத்தையே அந்த வில்லனாக மாற்றிவிடும். உப்புத் தண்ணியில் பேட்டரி வைத்து எவர்சில்வரை அரிக்கும் "ரசாயனமே இல்லாத" முறை ஒன்று சுற்றுகிறதே, அதிலும் இந்த ஆபத்து உண்டு. அந்த வில்லன் என்ன செய்வான் என்று தெரிய ராணிப்பேட்டைக்குப் போகணும். தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகுது, அது விட்டுப் போன லட்சம் டன்னுக்கு மேலான குரோமியக் கழிவு அந்த ஊர் நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது.

நான் செய்வது இதுதான். தீர்ந்த கரைசலைப் பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணியில் நீர்த்து, சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன் (நுரைத்துப் பொங்கும், அதனால்தான் பெரிய பக்கெட்). பிஹெச் தாளில் 9-ஐத் தாண்டும்வரை. 7-லேயே நிறுத்தினால் இரும்பும் குரோமியமும் இறங்கிவிடும், நிக்கல் டிமிக்கி கொடுக்கும். ஒரு ராத்திரி விட்டால் சேறு கீழே, தெளிவு மேலே. பழைய வேட்டியில் வடிகட்டி, சேற்றைக் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில். அந்த டப்பா ஷூ ஸ்டாண்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. வீட்டம்மா தினமும் அதை ஒரு பார்வை பார்க்கிறாள்.

ஏன் அங்கேயே இருக்கு? கொடுக்க இடம் இல்லை. குப்பைத் தொட்டியில் போட்டால், தென் சென்னைக் குப்பையெல்லாம் காலகாலமாகப் போய்ச் சேர்ந்த பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பக்கத்திலேயே போய்ச் சேரும் என்ற பயம். 2016-இல் வந்த அபாயகரமான கழிவு விதிகளின் அட்டவணையில் எச்சிங் உள்ளிட்ட உலோக வேலைகளின் கழிவு பெயர் சொல்லியே இருக்கு. அதே வருஷத்துத் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவை வாங்க உள்ளாட்சிகள் மையம் வைக்கணும் என்றும் சொல்லின. கும்மிடிப்பூண்டியில் இதுக்கென்றே பொதுக் கிடங்கும் இருக்கு. ஆனா அது ஆலைகளுக்கு. டன் கணக்கில் கழிவு வைத்திருக்கிறவனுக்கு வழி இருக்கு, ரெண்டு கிலோ வைத்திருக்கிற மாங்கொல்லைக் கடைக்காரருக்கு வழி இல்லை. அவர் என்ன, ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவிலா கும்மிடிப்பூண்டி போவார்?

அதனால் அவரைத் திட்ட எனக்கு மனசு வரலை. திட்ட வேண்டியது, மாசத்துக்கு ஒரு நாள் ஒரு மண்டலத்துக்கு ஒரு வண்டி அனுப்பி டப்பாவை வாங்கிக்கொள்ள முடியாத ஏற்பாட்டை. பழைய பேட்டரி, தெர்மாமீட்டர், பெயின்ட் டப்பா, ஸ்டூடியோக் கழிவு, தங்க நகைப் பட்டறை ஆசிட் என்று இந்த வண்டிக்கு வாடிக்கையாளர் ஏராளம். 2011-இல் அடையாறு பூங்காவைத் திறந்தார்கள், அழகாக இருக்கு, நண்டும் பறவையும் திரும்ப வந்திருக்கு. ஆற்று முகத்துவாரத்தை அவ்வளவு செலவு பண்ணி மீட்டுவிட்டு, மேலே தி.நகரில் பக்கெட்டைக் கவிழ்க்க விடுவது என்ன கணக்கு என்று புரியலை.

வண்டி வரும்வரை கடைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஒன்று செய்யலாம். அஞ்சாறு கடை சேர்ந்து ஒரு டிரம். சேறாக்கிக் காயவைத்தால் ஒரு வருஷத்துக்கு ஒரு டிரம் நிறைவதே கஷ்டம். டிரம் கணக்கு என்றால் அனுமதி பெற்ற கழிவு வண்டிக்காரர்களிடம் பேசிப் பார்க்கவாவது முடியும், டப்பா கணக்குக்கு அவர்கள் போனையே எடுக்க மாட்டார்கள். நம்ம கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "டிரம்மை யார் கடையில சார் வைக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கு. ஆனா சாட்சித் துண்டும் நோட்டும் மட்டும் அவர் கடையில் ஆரம்பித்தாச்சு.

பி.கு: ஃபெர்ரிக் கறை மொசைக் தரையில் விழுந்தால் மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும். சிட்ரிக் ஆசிட் கொஞ்சம் குழைத்துத் தடவி உடனே துடைத்துவிடுங்க, ரொம்ப நேரம் விட்டால் மொசைக்கின் பளபளப்பும் போகும். வேட்டியில் விழுந்தால், அது அடுத்த தொட்டிக்கு வடிகட்டித் துணி ஆயிடுச்சுன்னு அர்த்தம் :-)